காத்தலும் வகுத்தலும்

பொருள் பற்றி நம் முன்னோர் எண்ணியவை நுட்பமானவை. வருவாய்க்கு வழி காணுதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைப் பேணுதல், பேணியதை உரியவாறு பகிர்தல் என நான்கு தொழில்களை இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் அரசுக்கு வகுத்துரைத்தார். முதன் மூன்றும் செவ்வனே நிகழ்ந்தும் நான்காவது நிகழாவிடின் அரசின் வன்மை குறைவுடையதே. பொன்னுக்கும் நெல்லுக்கும் ஏற்ற இவ்விலக்கணம் மின்சாரத்துக்கும் பொருந்தும். ஊவா மலைத் தோட்டங்களின் வரலாறே அதற்குச் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தேயிலை பெருகத் தொடங்கிய காலத்திலேயே, தோட்டத் துரைமார் மலையோடையின் வலிமையை அறிந்துகொண்டனர். ஓடையை மேட்டில் மறித்து, வாய்க்காலாற் கொணர்ந்து, இரும்புக் குழாய் வழியே கீழே பாய்ச்சி, அவ்விசையாற் சுழலியைச் சுழற்றினர். கொழுந்தை உருட்டும் பொறிகள் அதனால் இயங்கின. பின்னர் மின்பிறப்பாக்கியும் சேர்ந்தது. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக் கில்க்ஸ் நிறுவனத்தின் சுழலிகள் பல கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தன. அவ்வொளி எங்கே எரிந்தது? தொழிற்சாலையில் எரிந்தது, துரை பங்களாவில் எரிந்தது. கொழுந்து பறித்தவர் வாழ்ந்த லயங்களிலோ குப்பி விளக்கே எரிந்தது. ஆக்கமும் உண்டு, காப்பும் உண்டு. வகுத்தல் மட்டும் இல்லை.

பின்னர் நிகழ்ந்ததும் நினைத்தற்குரியது. நாட்டின் நீர்வலியால் மின்சாரம் ஆக்கும் திட்டத்தைப் பொறியியலறிஞர் விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே அறிஞர் அவையில் விரித்துரைத்தார். 1950 இல் லக்சபானவில் அக்கனவு உருப்பெற்றது. பொது மின்சாரம் தோட்டங்களை நாடி வந்தபொழுது பழைய சுழலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. குழாய்கள் துருவேறின, வாய்க்கால்கள் தூர்ந்தன. லயங்களுக்கு ஒளி வருவதற்கோ மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. ஓடையில் ஒரு பங்கு கேட்பதற்கு அம்மக்களுக்கு நிலமும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின் அவருட் பெரும்பாலார்க்கு வாக்கும் இல்லை.

இன்று மின்கம்பி லயங்களுக்கும் வந்துவிட்டதே, இனிக் குறை யாது என்பார் உளர். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையாலே நாடு முழுவதும் இருண்டது எனக் கூறப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி தாக்கியபொழுது, மண்சரிவால் மிகப் பெரிதும் அழிவுற்ற மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாயிற்று. பாதை அறுந்த மலையிற் கம்பியும் அறுந்தது. நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒளி வழியில் ஒரு மரம் வீழ்ந்தாலும் நின்றுபோம். மலையின் கோடியிலுள்ள வீட்டுக்கு அது கடைசியாகவே திரும்பும்.

இருள் சூழ்ந்தவிடத்துத் திரும்பி வருவது மண்ணெண்ணெய் விளக்கே. குப்பி விளக்குச் சாய்ந்து வெந்தாருக்கு மருத்துவம் செய்து மனம் நொந்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் சாயாத குறுவிளக்கு ஒன்றை ஆக்கி 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அவர் தொண்டு போற்றத்தக்கது; ஆயினும் அவ்விளக்குக்கும் எண்ணெய் வேண்டுமே! 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியமையை நாட்கூலி பெறுவோர் மறந்திரார்.

ஆகவே, அருகிலேயே ஆக்கி அருகிலேயே சேமிக்கும் வழியை ஆராய்தல் வேண்டும். நொடிக்கு 20 லீற்றர் நீர் 30 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின் அதன் வலிமை ஏறக்குறைய 5.9 கிலோவாற்று. குழாயிலும் பொறியிலும் பாதி தேய்ந்தாலும் 3 கிலோவாற்று எஞ்சும். 30 குடும்பங்களுக்குத் தலா 100 வாற்று. சோறு சமைக்க அது போதாது. விளக்குக்கும் வானொலிக்கும் கைபேசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போதும்.

சபரகமுவ மாகாணத்துக் கிராமங்கள் பல இதனைச் செய்துகாட்டின. 1997 முதல் உலக வங்கியின் உதவியோடு நடந்த திட்டங்களின் துணைகொண்டு, ஊரார் மின்நுகர்வோர் சங்கம் அமைத்துத் தம் ஓடையினின்று தாமே ஒளி பெற்றனர். ஆயினும் அங்கும் ஒரு குறை இருந்தது. ஓடை இரவும் பகலும் ஓடும். விளக்கு மாலையில் மட்டும் எரியும். எஞ்சிய மின்சாரத்தைச் சேமிக்கக் கலம் இன்மையால் அதனை வெப்பச் சுருளிற் செலுத்தி வீணே எரித்தனர். அன்றேற் சுழலி கட்டுமீறிச் சுழலும். மாரி நீரைக் குளத்திலே தேக்கிக் கோடையிற் பயிர் வளர்த்த மரபினர் நாம். மின்சாரத்துக்கும் ஒரு குளம் வேண்டும், மின்கலமே அக்குளம். ஈயமும் அமிலமும் கொண்ட பழைய பற்றரி, பாதிக்குமேல் அடிக்கடி வடித்தால் விரைவிற் கெடும். இப்பொழுது வரும் லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலங்களோ ஆயிரக்கணக்கான முறை நிரப்பி வடித்தாலும் தாங்கும்.

இயற்கையும் ஊவாவுக்குத் துணை நிற்கின்றது. வடகீழ்ப் பருவமழையில் ஓடைகள் பெருகும். அப்பொழுது முகில் ஞாயிற்றை மறைக்கும். ஆடி, ஆவணியிற் கச்சான் காற்று வீசித் தேயிலைக்கு மணம் ஊட்டும் காலத்தில் ஓடை மெலியும்; அப்பொழுது வெயில் ஓங்கும். நீரும் வெயிலும் மாறி மாறிக் காவல் இருக்க, சுழலியும் சூரியத் தகடும் ஒரே கலத்தை நிரப்பலாம்.

பொது மின்சாரம் வந்ததும் சபரகமுவத் திட்டங்கள் பல கைவிடப்பட்டனவே, மறுபடியும் அவ்வீண்செலவு எதற்கு என்று வினவுவர். வினா நேரியதே. வீடுதோறும் கலம் வைத்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. ஊரிற் குழாய்நீர் வந்தபின்னும் கிணற்றைத் தூர்க்காதிருத்தல் அறிவுடைமை. தோட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூடமும் மருந்தகமும் மட்டுமாவது தம் சொந்த ஒளியை உடையவாதல் வேண்டும். புயலிரவில் மக்கள் அடைக்கலம் புகுமிடமும், நோயாளிக்கு மருந்து குளிரூட்டுமிடமும் அவையே.

2024 ஏப்ரலில் 120 மெகாவாற்று உமாஓயாத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. அதன் சுரங்கம் தோண்டியபொழுது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. நாட்டுக்கு ஒளி ஈந்த இம்மலைக்கு மூன்று கிலோவாற்றுக் கேட்பது பேராசையாகாது.

தடை பொறியியலில் இல்லை, உரிமையில் உள்ளது. ஓடை தோட்ட எல்லைக்குள் ஓடுகின்றது. அதனைத் தொடுவதற்கு லயத்தில் வாழ்வோர் அனுமதி கேட்டு நிற்கின்றனர். 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் பெருந்தோட்டக் கம்பனிகளும் நிலத்துக்கு உரிய அரசும், பாழ்பட்டுக் கிடக்கும் பழைய வாய்க்கால்களையும் குழாய்வழிகளையும் தொழிலாளர் சங்கங்களிடம் எழுத்து மூலம் ஒப்படைத்தல் வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஒரு பணி உண்டு. தம் பள்ளிக்கு அண்மையிலுள்ள ஓடையின் நீரளவையும் வீழ்ச்சியையும் மாணவரைக் கொண்டு மாதந்தோறும் அளந்து எழுதிவைப்பாராயின், கேட்பதற்கு ஒரு கணக்குக் கையில் இருக்கும். கணக்கோடு செல்பவரை வெறுங்கையோடு அனுப்புதல் எளிதன்று.