கவனக்குறைவு என்னும் பொய்த் தீர்ப்பு

வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன ஒருவர் மின்சாரம் தாக்கி மாண்டுபோகிறார். மறுநாள் பத்திரிகையின் ஒரு மூலையில் நான்கு வரிச் செய்தி வெளிவருகிறது. ஊர் மாறும், பெயர் மாறும், வயது மாறும். ஆனால் ஊரார் வாயிலும் உத்தியோகத்தர் வாயிலும் பிறக்கும் முடிவு மட்டும் மாறுவதில்லை. கவனக்குறைவே காரணம் என்பதுதான் அம்முடிவு.

இதைப்போல வசதியானதொரு தீர்ப்பு வேறில்லை. இறந்தவர் எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை. கருவியை வடிவமைத்தவர், விற்றவர், பரிசோதிக்கக் கடமைப்பட்டவர், விதியை எழுதி அலுமாரியில் வைத்துப் பூட்டியவர் ஆகிய அனைவருக்கும் இந்த ஒரு சொல் விடுதலை வழங்கிவிடுகிறது. இத்தீர்ப்பை நாம் ஏற்க மறுக்கிறோம். மனிதன் களைப்படைவான், அவசரப்படுவான், மறப்பான் என்பது உலகறிந்த உண்மை. அவ்வுண்மையைக் கணக்கில் எடுக்காது அமைக்கப்பட்ட மின்கருவி, அதைத் தொட்டவனுடைய தவறு அன்று. அதை அமைத்த சமூகத்தின் தவறாகும். இதனை நிறுவ நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்குச் சென்றாற் போதும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி எமது மாவட்டத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஞாயிறு எழும் கரையில் நகரமும் பாடசாலைகளும் அலுவலகங்களும் பெருகின. ஞாயிறு படும் கரையில் நெல் விளைந்தது. மண்முனையிலே தோணியையும் பாதையையும் நம்பியிருந்த மக்களுக்குப் பாலம் கிடைத்ததே 2014 ஆம் ஆண்டில்தான். போர் நடந்த காலமெல்லாம் இருண்டு கிடந்த கிராமங்களுக்கு மின்கம்பி பின்னரே வந்து சேர்ந்தது. கம்பி வந்தது; கம்பியோடு வரவேண்டிய அறிவும் பாதுகாப்பும் பரிசோதனையும் வந்தனவா என்பதே கேள்வி.

வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, செங்கலடி, கிரான் ஆகிய பகுதிகளின் எல்லைக் கிராமங்களில் யானையும் பன்றியும் வேளாண்மையை அழிப்பது புதிய கதையன்று. போடியாருக்கு ஒரு வயல் அழிந்தால் இன்னொரு வயல் உண்டு. குத்தகைக்கு எடுத்து, நகையை அடகுவைத்து, கடனுக்கு உரம் வாங்கி விதைத்தவனுக்கோ அந்த ஒரு போகமே வாழ்வு. ஒரே இரவில் அது மிதிபட்டுப் போகலாம். பரணில் கண்விழித்துக் களைத்தவன் ஒருநாள் வீட்டு மின்னிணைப்பிலிருந்தோ மேலே செல்லும் கம்பியிலிருந்தோ ஓர் இழையை இழுத்து, வயலைச் சுற்றிக் கட்டிய வெறுங்கம்பியில் பொருத்திவிடுகிறான். அந்தக் கணத்தில் அவனுடைய வேலி கொலைக்கருவியாகிறது.

தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த வேலியும் வனஜீவராசிகள் திணைக்களம் அமைக்கும் மின்வேலியும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் கட்டையும் கம்பியுமே உள. ஆனால் இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் உயிருக்கும் சாவுக்கும் இடையேயுள்ள தூரமாகும். முறையான வேலிக்கு மின்னூட்டும் கருவி பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தைத் தருவது உண்மையே. எனினும் அது துடிப்புத் துடிப்பாகவே வருகிறது. ஒரு துடிப்பு 10 மில்லி செக்கனுக்கு மேல் நீடிக்கலாகாது. செக்கனுக்கு ஒரு துடிப்புக்கு மேல் வரலாகாது. 500 ஓம் தடைக்கு ஒரு துடிப்பில் 5 யூலுக்கு மேற்பட்ட சக்தி செல்லலாகாது. 1906 இல் தோன்றிய சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமம் வகுத்துள்ள வரம்புகள் இவை. தொட்ட விலங்கு அதிர்ந்து பின்வாங்கும். தொட்ட மனிதன் கையை எடுப்பதற்கு இடைவெளி கிடைக்கும்.

வீட்டுக் கம்பியிலிருந்து எடுக்கப்படும் 230 வோல்ற்று மின்சாரத்திலோ அத்தகைய இடைவெளி இல்லை. அது செக்கனுக்கு 50 சுற்றாக ஓயாது பாய்கிறது. 10 மில்லி அம்பியர் அளவிலேயே தசைகள் இறுகி, பற்றிய கை விடமறுக்கும். சில பத்து மில்லி அம்பியர் நெஞ்சினூடே சற்று நீடித்துச் சென்றால் இதயத்தின் ஒழுங்கு குலையும். ஆயிரக்கணக்கான வோல்ற்று கொல்லாமல் விடுகிறது. 230 வோல்ற்று கொன்றுவிடுகிறது! இவ்விரு வேலிகளையும் வேறுபடுத்துவது வடிவமைப்பு ஒன்றே.

இந்த வேலியில் விழுந்து சாவது யானை மட்டுமன்று. விடியுமுன் வாய்க்கால் திறக்கப் போகும் அயல்வயற்காரன், மாடு தேடிச் செல்லும் சிறுவன், சிலவேளை அதைக் கட்டியவனே கூட அதற்குப் பலியாகிறான். இது சட்டவிரோதம், அயலவனின் உயிரோடு விளையாடும் குற்றம். இதனை நாம் நியாயப்படுத்த வரவில்லை. ஆயினும் குற்றவாளியைக் கூண்டில் ஏற்றியதோடு எமது கடமை முடிந்துவிட்டதா? பாதுகாப்பான கருவி அவனுக்கு எட்டாத விலையில் இருக்க, கொல்லும் கம்பி அவன் வாசலிலேயே தொங்கும் நிலையை ஆக்கியவர் யார்? மனித–யானை மோதலைத் தணிப்பதற்கான தேசிய செயற்றிட்டம் 2020 இல் தயாரிக்கப்பட்டது. விதைக்கும் காலத்தில் விவசாயிகளே கூட்டாக அமைத்து, அறுவடையானதும் கழற்றி வைக்கும் வயல்வேலிகள் அத்திட்டத்தின் முக்கியமான யோசனைகளுள் ஒன்று. தனியொருவன் இரவில் களவாகக் கட்டும் வேலிக்கு மாற்று, ஊர் கூடிப் பகலில் கட்டும் வேலியே. அதற்குரிய நியமக் கருவியை மானிய விலையிற் கொடுப்பதற்கு ஆகும் செலவு, ஒவ்வொரு பெரும்போகத்திலும் நாம் கொடுக்கும் உயிர்களின் விலையைவிட அதிகமா?

‘இதெல்லாம் படியாத விவசாயியின் அறியாமை’ என்று சொல்லிக் கைகழுவ முனைவோருக்கு இன்னொரு சம்பவத்தை நினைவூட்டுகிறோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உப மின்நிலையத்தின் மின்மாற்றியில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்று அமைச்சர் விளக்கினார். நாடு சிரித்தது. ஆனால் இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயமா? படுவான்கரையில் விவசாயி குற்றவாளியானான். பாணந்துறையில் குரங்கு குற்றவாளியாயிற்று! குரங்கு மரமேறும், கம்பியும் ஏறும் என்பது தெரியாதவர்களா மின்நிலையம் அமைத்தனர்? தேவை குறைந்து, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் பெருகியிருந்த அந்த நேரத்தில் ஓரிடத்து அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை வலையமைப்புக்கு இருக்கவில்லை என்பதே ஆழமான செய்தி. 2016 மார்ச்சில் பியகமவில் மின்மாற்றி வெடித்தபோதும், 2020 ஓகஸ்டில் கெரவலப்பிட்டியில் ஓர் ஊழியரின் தவறு எனப்பட்ட கோளாறு நேர்ந்தபோதும் நாடு இருண்டது. ஒரு மனிதனின் ஒரு பிழை ஒரு தேசத்தையே அணைத்துவிடும் என்றால், பிழை அம்மனிதனிடம் மட்டுமா இருக்கிறது?

பிழையை முன்னுணர்ந்து கருவியிலேயே காப்பை வைப்பது எப்படி என்பதற்கு எங்கள் வீட்டுச் சுவரிலேயே சான்று உண்டு. சதுரமுள் பிளக்கை எடுத்துப் பாருங்கள். அதன் மூன்று முட்களில் புவித்தொடுப்புக்குரிய முள் மற்றவற்றைவிட நீளமானது. அது முதலில் உள்ளே சென்று, ஏனைய இரு துவாரங்களையும் மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கிறது. குழந்தை ஆணியைக் குத்தினாலும் தடுப்பு இலகுவில் திறவாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் இதனை ஆராய்ந்த குழுவிலே கரோலைன் ஹஸ்லற் என்னும் ஒரேயொரு பெண் இருந்தார். வீட்டில் மின்சாரத்தோடு பழகும் பெண்களின் அனுபவத்தை அறிந்தவர் அவர். 1947 இல் அது நியமமாயிற்று. பொறியியல் என்பது கணக்கு மட்டுமன்று, யாருடைய உயிரைக் கணக்கில் எடுப்பது என்னும் கேள்வியுமாகும் என்பதை அந்தச் சிறு பிளக் எமக்குக் கற்பிக்கிறது. இலங்கை அதனையே தனியொரு தேசிய நியமமாக்கத் துணிவதற்கு எழுபது ஆண்டுகள் சென்றன. இன்றும் பேனா முனையால் தடுப்பைத் திறந்து இருமுள் பிளக்கைச் செருகும் பழக்கம் எம்மிடையே உண்டு. பொருந்தாத பிளக்கோடு பொருளை விற்கும் வணிகன் அந்தப் பேனாவை எமது கையில் கொடுக்கிறான்.

அவ்வாறே ட்ரிப் சுவிச்சையும் எடுத்துக்கொள்வோம். உருகி கம்பியைக் காப்பதற்காகப் பிறந்தது. 5 அம்பியர் உருகி 5,000 மில்லி அம்பியரை அனுமதிக்கும். மனிதனைக் கொல்ல அதில் ஐம்பதில் ஒரு பங்கே தாராளம். வெளியே ஒழுகும் மின்சாரம் 30 மில்லி அம்பியரை எட்டியதும் செக்கனின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சே மனிதனுக்கான காவல். அதன் மீதுள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அடிக்கடி விழுகிறது என்று அதனை விலக்கி நேரடியாக இணைத்துவிடும் வேலையாள், வீட்டின் காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கூலி வாங்கிச் செல்கிறான்.

விதிகளே இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. 1950 இலேயே மின்சாரச் சட்டம் வந்தது. 2002 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை அமைத்தது. 2009 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் மின்துறையை அதன் ஒழுங்குபடுத்தலின் கீழ்க் கொணர்ந்தது. 2024 இன் 36 ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் ஒப்படைக்க வழிவகுத்தது. சபையின் கையிலிருந்தாலும் கம்பனியின் கையிலிருந்தாலும் கம்பத்தில் ஏறுபவன் தொழிலாளியே. மின்னைத் துண்டித்தல், மீள இணைக்க முடியாதபடி பூட்டுதல், அற்றதை அளந்து உறுதிசெய்தல், புவியுடன் தொடுத்தல், அதன்பின்னரே தொழில் தொடங்குதல் என்பது உலகறிந்த ஒழுங்கு. ‘நானே அளந்து பாராமல் ஏறமாட்டேன்’ என்று சொல்லும் தொழிலாளியைப் பாராட்டும் இடத்திற்தான் பாதுகாப்பு வாழும். அவனைத் தாமதக்காரன் என்று கடிந்துகொள்ளும் இடத்தில் பாதுகாப்புச் சுவரொட்டி மட்டுமே வாழும்.

‘விதிகள் அதிகமானால் செலவு கூடும், வளர்ச்சி தடைப்படும்’ என்பது மூலதனம் நெடுங்காலமாகப் பாடிவரும் பல்லவி. செலவு எங்கும் மறைந்துவிடுவதில்லை. கருவியில் சேர்க்காமல் விட்ட செலவு, பின்னர் விதவையின் கணக்கிலும் அநாதையின் கணக்கிலும் எழுதப்படுகிறது. அந்தக் கணக்கு எந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையிலும் வருவதில்லை.

வாவிக்கரைக்கு வேறொரு நியாயமும் உண்டு. உப்புக்காற்று கம்பியின் பிணைப்பையும் காவலியையும் புவித்தொடுப்பின் இணைப்பையும் மெல்லமெல்லத் தின்கிறது. கோடையில் காய்ந்த மணலில் புவித்தொடுப்பின் தடை ஏறுகிறது. வெள்ளக் காலத்தில் நீர் மின்பெட்டிவரை உயர்கிறது. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கிய வரலாற்றை முதியோர் மறந்திலர். குளிர்நாட்டில் எழுதப்பட்ட நியமத்தைப் பெயர்த்தெழுதினால் மட்டும் போதாது. உப்பும் வெள்ளமும் புயலும் வாழும் நிலத்திற்கேற்ப அதனை இறுக்கவேண்டும். காகிதத்தில் அன்று, களத்தில் ஆண்டுதோறும் அளந்து பார்க்கவேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. மின்சாரத்தால் நேரும் ஒவ்வொரு மரணத்தின் விசாரணை முடிவும் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்களுக்கு வெளியிடப்படல் வேண்டும்; ‘கவனக்குறைவு’ என்னும் சொல் விசாரணையின் முடிவாக அன்றி அதன் தொடக்கமாகவே கொள்ளப்படல் வேண்டும். எல்லைக் கிராமங்களின் விவசாய அமைப்புகளுக்கு நியம மின்வேலிக் கருவி எட்டும் விலையில் கிடைத்தல் வேண்டும். வறிய வீடுகளின் ட்ரிப் சுவிச்சும் புவித்தொடுப்பும் அரச செலவில் பரிசோதிக்கப்படல் வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் பார்வையாளராக நிற்கலாகாது. ஓமின் விதியைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவன், தன் வீட்டு ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அழுத்திப் பார்க்கக் கற்றால் அந்த விதி உயிர்பெறும். துடிப்பு வேலிக்கும் கொலைவேலிக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர், படுவான்கரையில் ஓர் உயிரையேனும் காத்தவராவார். அறிவு மக்களிடம் சேரும்போது அவர்கள் கெஞ்சுவதை விடுத்துக் கேள்வி கேட்பர். இனி ஒருவர் மின்சாரத்தால் மாண்டார் என்ற செய்தி வரும்போது, அவர் ஏன் கவனமாக இருக்கவில்லை என்று நாம் கேட்கமாட்டோம். அவரைக் காத்திருக்கவேண்டிய கருவி எங்கே, அதனைப் பரிசோதித்திருக்கவேண்டியவர் எங்கே என்றே கேட்போம்.