காலுக்கு வந்த கியர்

சிக்னலில் பச்சை விழுந்ததும் என் மோட்டார் சைக்கிள் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுபோகும். குனிந்து பார்த்தால் மூன்றாவது கியர். பழைய வண்டி. கியர் நம்பர் காட்டும் மீட்டரெல்லாம் கிடையாது. பின்னாலிருந்து ஆட்டோக்காரர், “என்னா சார், தூங்கிட்டியா?” என்பார். இந்த அவமானத்துக்கு மூல காரணம் யார் என்று தேடியதில் அகப்பட்டவர் ஹெரால்ட் வில்லிஸ்.

பர்மிங்காமில் குட்மேன் குடும்பம் நடத்திய கம்பெனியின் வண்டி, வெலோசெட். 1925-ல் பெர்ஸி குட்மேன் ஒரு 350 சி.சி. எஞ்சின் செய்தார். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை எஞ்சின் தலைமேலேயே ஏற்றினார். அந்த வருஷம் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த டி.டி. ரேஸுக்கு மூன்று வண்டிகள் போயின. ஒன்றுகூட முடிக்கவில்லை. ஆயில் தகராறு.

மனுஷர் விடவில்லை. ஆயில் ஓடும் வழியைத் திருத்தி, 1926-ல் மறுபடி போனார்கள். ஆலெக் பென்னட் ஜெயித்தார். இரண்டாவது ஆள் வந்து சேர பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. நிதானமாக ஒரு டீ குடிக்கலாம்!

வில்லிஸ் அங்கே ரேஸும் ஓட்டினார், ஸ்பானரும் பிடித்தார். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது வால்வு என்ன கூத்தடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கை அடித்தார். ட்யூப்லைட்டில் ஃபேன் இறக்கை சில சமயம் நின்ற மாதிரி தெரியுமே, அந்த வித்தைதான். வால்வு, ஸ்பிரிங்கின் குறும்பெல்லாம் கண்ணெதிரே தெரிந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய கியர் பெடல்தான். அதுவரை பெட்ரோல் டாங்க் பக்கத்தில் ஒரு குச்சி. கியர் மாற்ற ஹாண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். டி.டி. பாதையோ ஒரு சுற்று 37¾ மைல். மலைச் சாலை, வளைவு, கல் சுவர். ஒற்றைக் கையோடு ரேஸ் ஓட்டிப் பாருங்கள், குலதெய்வம் ஞாபகத்துக்கு வரும். வில்லிஸ் காலுக்கு ஒரு ராட்செட் வைத்தார். ஒரு மிதி, ஒரே ஒரு கியர். பெடல் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு கையும் ஹாண்டில்பாரிலேயே!

1928 ஜூனியர் டி.டி.யில் பென்னட் மறுபடி முதல். மணிக்கு 70 மைலுக்கு மேல் ஒரு சுற்று, 350 சி.சி. வண்டிக்கு அதுதான் முதல் தடவை. இரண்டாவது யார்? நம் வில்லிஸ். முந்தின வருஷமும் அவர் இரண்டாவதுதான். ஜூனியர் டி.டி. கோப்பை அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1939-ல் இறந்துபோனார். வெலோசெட் கம்பெனியும் 1971-ல் மூடிவிட்டது. பெடல் மட்டும் ஊர் ஊராய்க் கோடிக்கணக்கான கால்களுக்கு அடியில் இருக்கிறது.

ஒரே குறை. கைக் குச்சி நிற்கும் இடத்தைப் பார்த்தே என்ன கியர் என்று தெரியும். திரும்பி வந்துவிடும் பெடலைப் பார்த்து என்ன தெரியும்? என் மேல் தப்பே இல்லை. நேற்று ஆட்டோக்காரரிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“மொதல்ல ஃபர்ஸ்ட் போட்டு வண்டியை எடு சார்” என்றார்.