ஆப்பிரிக்கச் சமாதானத்தின் கடிவாளம் யார் கையில்?

ஆப்பிரிக்காவில் எங்கே துப்பாக்கி வெடித்தாலும் மேற்கத்திய முதலாளித்துவப் பத்திரிகைகள் ஒரே பல்லவியைப் பாடுவது வழக்கம். அங்கே நடப்பது குலச்சண்டையாம், பரம்பரைப் பகையாம், தங்கள் வீட்டைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரியாத மக்களாம், வெளியார் போய்த் தலையிட்டால்தான் அமைதி பிறக்குமாம். லண்டனிலும் பாரிசிலும் சமைத்து அனுப்பும் இந்தச் செய்தியை நம் நாட்டுப் பத்திரிகைகளில் பலவும் சூடு ஆறாமல் அப்படியே பரிமாறுகின்றன.

இந்தப் பல்லவி உண்மைதானா? ஆப்பிரிக்கர்கள் தங்கள் உள்நாட்டுப் போர்களைத் தாங்களே முடித்துவைத்தது கிடையாதா? முடித்தது உண்டு. தோற்றதும் உண்டு. எங்கே வென்றார்கள், ஏன் வென்றார்கள்; எங்கே தோற்றார்கள், ஏன் தோற்றார்கள் என்று பார்ப்பதே உழைக்கும் மக்களுக்குப் பயன் தரும்.

காங்கோ கற்பித்த பாடம்

முதலில் காங்கோவை நினைவுகூர்வோம். 1960 ஜூன் 30-ந் தேதி அந்த நாடு பெல்ஜியத்தின் பிடியிலிருந்து விடுதலை பெற்றது. பதினோரே நாட்களில், செம்பும் கோபால்ட்டும் கொழிக்கும் கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று ஷோம்பே அறிவித்தார். பெல்ஜியத் துருப்புகள் அவருக்குத் துணை நின்றன. யூனியன் மினியேர் என்ற சுரங்கக் கம்பெனி, காங்கோ அரசுக்குக் கட்ட வேண்டிய வரியை அவருக்குக் கட்டியது. குலச்சண்டை என்று உலகுக்குச் சொல்லப்பட்டதன் அடியில் கிடந்தது செம்புச் சுரங்கம்.

பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா ஐ.நா. சபையின் உதவியைக் கோரினார். படைகள் வந்தன. அவற்றில் கானா, கினி, மொராக்கோ, எத்தியோப்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் நடந்தது என்ன? செப்டம்பரில் லுமும்பாவைப் பதவியிலிருந்து நீக்கியதாக அறிவிப்பு வந்தபோது, ஐ.நா. அதிகாரிகள் விமான நிலையங்களையும் தலைநகரின் வானொலி நிலையத்தையும் மூடினார்கள். மக்களிடம் பேச வானொலி நிலையத்துக்குச் சென்ற லுமும்பாவை வாசலில் மறித்தவர்கள், அவருடைய நெருங்கிய நண்பரான என்க்ருமாவின் கானா நாட்டுச் சிப்பாய்கள்! அந்தச் சிப்பாய்கள் ஆப்பிரிக்கர்கள். அவர்களுக்கு வந்த கட்டளை ஆப்பிரிக்காவின் கட்டளை அல்ல. கானாப் படைக்கே அன்று தலைமைத் தளபதி ஒரு பிரிட்டிஷ் ஜெனரல். 1961 ஜனவரி 17-ந் தேதி லுமும்பா கட்டாங்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தியச் சிப்பாய்களும் அந்த மண்ணில் இரத்தம் சிந்தினார்கள். 1961 டிசம்பர் 5-ந் தேதி எலிசபெத்வில் நகரில் கட்டாங்காப் படையின் மறியலை உடைக்கப் போரிட்டு மாண்ட காப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. 1963 ஜனவரியில் கட்டாங்காவின் பிரிவினை முறியடிக்கப்பட்டது. ஆனால், படையை அழைத்த தலைவன் மாண்டு அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு கூட்டுப் படைத்தலைமை வேண்டும் என்று என்க்ருமா வற்புறுத்தியது இந்த அனுபவத்தினால்தான். 1963 மே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனம் உருவானபோது அவர் யோசனை ஏற்கப்படவில்லை. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடுவதில்லை என்ற விதியே நிலைத்தது. காலனி ஆதிக்கம் அப்போதுதான் வாசற்படி இறங்கியிருந்தது. எனவே அந்த விதிக்கு நியாயம் இருந்தது. ஆனால் கொடுங்கோலர்களுக்கும் அதே விதி கேடயமாயிற்று.

ருவாண்டாவும் விழிப்பும்

1994-ல் ருவாண்டாவில் நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அப்போது ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் செய்த காரியம் என்ன தெரியுமா? அங்கிருந்த சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் கொண்ட படையை 270 பேராகக் குறைக்க ஏப்ரல் 21-ந் தேதி தீர்மானம் போட்டது! பத்துச் சிப்பாய்களை இழந்த பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஜெனரல் ஹென்றி அனிடோஹோ தலைமையில் கானாச் சிப்பாய்கள் போக மறுத்துக் களத்திலேயே நின்றார்கள். அவர்களிடம் போதிய ஆயுதம் இல்லை; வாகனம் இல்லை. எஞ்சி நின்ற சில நூறு பேர் ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் காத்தார்கள்.

இந்தப் பழியின் நிழலில்தான் 2002-ல் ஆப்பிரிக்க ஐக்கியம் பிறந்தது. இனப்படுகொலை, போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம் ஆகியவை நடக்கும் உறுப்பு நாட்டில் தலையிடும் உரிமை ஐக்கியத்துக்கு உண்டு என்று அதன் சாசனத்தின் நாலாவது ஷரத்து கூறுகிறது. அயல் வீடு எரியும்போது கதவைச் சாத்திக்கொள்வது நட்புமல்ல, நடுநிலையுமல்ல என்பதை ஆப்பிரிக்கா சட்டமாகவே எழுதிவைத்தது.

புருண்டி: அவர்கள் செய்து காட்டினார்கள்

எழுதிவைத்தால் போதுமா? செய்து காட்ட வேண்டாமா? புருண்டியைப் பாருங்கள்.

ருவாண்டாவின் தெற்கே உள்ள சிறிய நாடு அது. ஒரே மொழி பேசி, ஒரே குன்றுகளில் பயிர் செய்து வாழ்ந்த ஹூட்டு, டூட்சி மக்களிடையே பெல்ஜிய ஆட்சி பேதத்தை வளர்த்து, அதைக் கொண்டு ஆட்சி நடத்தியது. இரு சாராரையும் ஒன்று சேர்த்த இளவரசர் ருவாகசோரே, விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பே, 1961 அக்டோபரில், சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைக்குப் பின் ராணுவத்தைக் கைப்பற்றியிருந்த டூட்சி மேட்டுக்குடியினரின் ஆட்சி நீடித்தது. 1972-ல் ஹூட்டு மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். 1993-ல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் ஹூட்டு ஜனாதிபதி இந்தாதாயேயை நாலே மாதத்தில் ராணுவத்தினர் கொன்றார்கள். டூட்சிக் குடும்பங்கள் பழிக்குப் பழியாக வெட்டப்பட்டன. உள்நாட்டுப் போர் மூண்டது. சுமார் மூன்று லட்சம் உயிர்கள் போயின.

இந்தப் போரை நிறுத்தும் பணியைத் தோளில் ஏற்றவர் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே. 1996-ல் ராணுவத்தினர் மீண்டும் ஆட்சியைப் பறித்தபோது, அண்டை நாடுகள் அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை. பொருளாதாரத் தடை விதித்தன. அதனால் சாதாரண மக்களும் துன்பப்பட்டார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆள்வோரைப் பேச்சு வார்த்தைக்கு இழுத்து வந்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1998-ல் தான்சானியாவின் அருஷா நகரில் பேச்சு தொடங்கியது. பதினேழு கட்சிகளுக்கு மேல் கூடின. போரின் தன்மை என்ன, ராணுவம் யார் கையில், அகதிகளின் நிலம் யாருக்கு என்று ஒவ்வொன்றையும் தனித் தனிக் குழு ஆராய்ந்தது. 1999 அக்டோபரில் நைரேரே மறைந்தார். நெல்சன் மண்டேலா அந்தப் பொறுப்பை ஏற்றார். 2000 ஆகஸ்டு 28-ந் தேதி உடன்பாடு கையெழுத்தாயிற்று.

அந்த உடன்பாடு சொன்ன உண்மை எது? இந்தப் போர் அடிப்படையில் அரசியல் போர். இனப் பரிமாணம் அதற்கு மிக முக்கியமாக உண்டு. ஆனால் அதன் வேர், ஆட்சியைப் பிடிக்கவும் பிடித்ததை விடாதிருக்கவும் அரசியல் வர்க்கம் நடத்திய போட்டியே என்று அது அப்பட்டமாக எழுதியது. குலச்சண்டை என்று கூவியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமோ?

ஆனால் பெரிய கலகப் படைகள் இரண்டும் கையெழுத்திடவில்லை. சண்டை தொடர்ந்தது. முழுப் போர் நிறுத்தம் இல்லாத இடத்துக்கு அமைதிப் படை அனுப்ப இயலாது என்று ஐ.நா. கைவிரித்தது. நெருப்பு அணைந்தபின் வருகிறோம் என்று சொல்லும் தீயணைப்புப் படையை யாராவது கண்டதுண்டா?

ஆப்பிரிக்கா காத்திருக்கவில்லை. 2001-ல் நாடு திரும்பிய அரசியல் தலைவர்களைக் காக்கத் தென்னாப்பிரிக்கா சுமார் எழுநூறு சிப்பாய்களை அனுப்பியது. 2003-ல் ஆப்பிரிக்க ஐக்கியம் தன் முதலாவது அமைதிப் படையை அங்கே நிறுத்தியது. தென்னாப்பிரிக்கா, எத்தியோப்பியா, மொசாம்பிக் ஆகிய மூன்று நாடுகளின் சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். நிறவெறிக் கொடுமையிலிருந்து 1994-ல் மீண்டது ஒரு நாடு. அந்த நிறவெறி அரசே ஊட்டி வளர்த்த உள்நாட்டுப் போரை 1992-ல் முடித்துக்கொண்டது மற்றொன்று. அந்த இரு நாட்டுச் சிப்பாய்களும் ஒரே பக்கத்தில் நின்று மூன்றாவது நாட்டின் சமாதானத்தைக் காத்தார்கள்! 2003 இறுதியில் பெரிய கலகப் படை உடன்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகே, 2004 ஜூனில், ஐ.நா. படை வந்தது. அதுவும் எப்படி? அதே ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள்!

2005-ல் தேர்தல் நடந்தது. ராணுவத்தில் பாதிக்கு மேல் எந்த ஒரு இனத்தாரும் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. பேச்சும் படையும் சேர்ந்து, போரின் வேரான ராணுவ ஏகபோகத்தையே வெட்டின. புருண்டியின் வெற்றி இதில்தான் அடங்கியிருக்கிறது.

நம் பக்கத்துக் குறைகள்

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உண்மையை மறைப்பது எதிரிக்கே உதவும்.

அதே புருண்டியில் 2015-ல் ஜனாதிபதி இங்குருன்சிசா, இரண்டு முறைதான் பதவி என்ற அருஷா உடன்பாட்டை மீறி மூன்றாம் முறை நின்றார். தெருவில் இறங்கிய வாலிபர்கள் சுடப்பட்டார்கள். லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். ஐயாயிரம் பேர் கொண்ட படையை அனுப்புவதென்று ஆப்பிரிக்க ஐக்கியத்தின் பாதுகாப்புக் கவுன்சில் டிசம்பரில் முடிவு செய்தது. புருண்டி அரசு கண்ணை உருட்டியது. 2016 ஜனவரியில் கூடிய ராஜ்யத் தலைவர்கள் படையை அனுப்பாமலே பின்வாங்கினார்கள். இன்று உன் வீட்டில் நுழைந்தால் நாளை என் வீட்டில் நுழைவார்களே என்ற பயம்தான்! நாலாவது ஷரத்து காகிதத்தில் உறங்கியது.

லைபீரியாவையும் பாருங்கள். 1990-ல் நைஜீரியா தலைமையில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை மன்ரோவியாவில் இறங்கியது. தலைநகரை அழிவிலிருந்து காத்தது. ஆனால் அதன் சிப்பாய்களில் பலர் கொள்ளையில் இறங்கினார்கள் என்பதும் உண்மை. போர் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்தான் முடிந்தது. முடித்ததில் பெரும் பங்கு யாருக்கு? சந்தையில் மீனும் கீரையும் விற்ற பெண்களுக்கு! கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடை உடுத்தி நாள் தவறாமல் அறப்போர் நடத்தினார்கள். 2003-ல் கானாவின் அக்ராவில் பேச்சு இழுபட்டபோது, உடன்பாடு காணாமல் எவரும் வெளியேற விடமாட்டோம் என்று மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்டு 18-ந் தேதி உடன்பாடு ஏற்பட்டது.

தலைமை என்றால் அரண்மனையில் வாழும் தலைவர்கள் மட்டும் அல்ல என்பதை அந்தப் பெண்கள் நிரூபித்தார்கள்.

பணப்பையின் கயிறு

இன்னொரு விஷயத்தை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உயிரைக் கொடுப்பவன் ஆப்பிரிக்கச் சிப்பாய். பணப்பையின் கயிற்றைப் பிடித்திருப்பவன் வேறொருவன். 2007 முதல் சோமாலியாவில் உகாண்டா, புருண்டி, கென்யா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் சிப்பாய்கள் மடிந்திருக்கிறார்கள். அவர்களுடைய படிப்பணம் ஐரோப்பிய யூனியனிலிருந்து வந்தது. 2016-ல் அதில் ஐந்தில் ஒரு பங்கை யூனியன் வெட்டியது. படைகளை அனுப்பிய நாடுகள் கையைப் பிசைந்தன.

அதே ஆண்டு, இறக்குமதிப் பொருள்கள் மீது 0.2 சதவிகிதம் தீர்வை விதித்துச் சொந்த நிதி திரட்டுவதென்று ஆப்பிரிக்க ஐக்கியம் கிகாலியில் முடிவு செய்தது. நல்ல முடிவு. ஆனால் பல அரசுகள் அதை நிறைவேற்றவில்லை. 2023 டிசம்பரில் பாதுகாப்புக் கவுன்சில் 2719-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆப்பிரிக்கத் தலைமையிலான படைகளின் செலவில் 75 சதவிகிதம் வரை ஐ.நா. சந்தாவிலிருந்து தரலாம் என்று அது கூறுகிறது. சோமாலியாவில் அதை அமல்படுத்த வேண்டிய வேளை 2025-ல் வந்தபோது, குறுக்கே நின்றது அமெரிக்கா! ஆயுதம் விற்கத் தாராளம். அமைதிக்குக் கணக்குப் பார்க்கும் கஞ்சத்தனம்!

நாம் கோருவது

கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி என்று காங்கோ காட்டியது. விடாமுயற்சியும் ஒற்றுமையும் இருந்தால் போரை வேரோடு பிடுங்க முடியும் என்று புருண்டி காட்டியது. ஆள்வோர் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டால் அந்த வெற்றியே கரைந்துபோகும் என்று அதே புருண்டி எச்சரித்தது. சூடானில் 2023 ஏப்ரல் 15-ந் தேதி இரண்டு ராணுவத் தலைவர்கள் மூட்டிய போர் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களை வீடு வாசலிலிருந்து விரட்டியது. அந்த மக்களின் கண்ணீரின் முன்னே இந்தப் பாடங்கள் ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடக் கூடாது.

போர் வெறியர்களுக்கு ஆயுதம் தருவோரும், அவர்களிடம் தங்கம் வாங்குவோரும் கைகளை விலக்கட்டும். ஆப்பிரிக்கத் தலைமையிலான அமைதிப் படைகளுக்கு உரிய பணத்தை ஐ.நா. நிபந்தனையின்றித் தரட்டும். காங்கோ மண்ணில் தன் மைந்தர்களைப் பறிகொடுத்த இந்தியா, இந்தக் கோரிக்கைக்கு உலக சபையில் உரக்கக் குரல் கொடுக்கட்டும். பேச்சு மேஜையில் துப்பாக்கி ஏந்தியவனுக்கு மட்டும் நாற்காலி போடாமல், உழுபவனுக்கும் சந்தைப் பெண்ணுக்கும் இடம் கொடுக்கட்டும்.

ஆப்பிரிக்காவின் சமாதானம் ஆப்பிரிக்க மக்களின் கையில்! அந்தக் கையை வலுப்படுத்துவது நம் அனைவரின் கடமை.