பருப்பும் மருந்துதான்: ரேஷன்ல 'ஸ்டாக் இல்ல'ன்னா ஆஸ்பத்திரிக்கு ஏன் கவலை?

1/ பருப்பு விலையைப் பத்தி டாக்டர் எதுக்குப் பேசணும்னு கேட்பீங்க. மளிகைக் கடையில விலை ஏறினா, சில மாசம் கழிச்சு எங்க லேப் ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் இறங்குது. அதனாலதான். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ 2024 தீபாவளிக்குச் சில வாரம் முந்தைய நிலவரம் இது. துவரம் பருப்பு கிலோ 160 - 180. பூண்டு 400ஐ எட்டிப் பார்த்துச்சு. தக்காளி, வெங்காயம் ரெண்டும் ஒண்ணா ஏறியிருந்துச்சு. 2024 செப்டம்பர் 14ல மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியைக் கூட்டுச்சு. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு மொத்த வரி 5.5%ல இருந்து 27.5% ஆச்சு. பண்டிகைக்கு முன்னாடியே பாமாயில் விலை ஏறிடுச்சு.

3/ விருதுநகர்க்காரங்களுக்கு இதுல ஒரு வேடிக்கை உண்டு. பருப்பு, எண்ணெய், மிளகாய் வத்தல், மல்லின்னா பேப்பர்ல 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்'னு தனியா போடுவாங்க. பருப்புக்கு விலை சொல்ற ஊரு. அதே மாவட்டத்துல, பருப்பு வாங்க முடியாத வீடுகளைத்தான் நான் தினமும் ஓபியில பார்க்குறேன்.

4/ விலை ஏன் ஏறுச்சு? துவரைக்குப் பெருசா நம்பியிருக்குறது வட கர்நாடகாவையும் மகாராஷ்டிராவையும். மழைக் குளறுபடி, கலபுரகி பக்கம் வாடல் நோய்னு 2022-23ல நாட்டின் விளைச்சல் சுமார் 42 லட்சம் டன்ல இருந்து 33 லட்சம் டன்னா விழுந்துச்சு. அடுத்த வருஷம் பருவமழையும் சரியில்ல. மீதியை மியான்மர், மொசாம்பிக்ல இருந்து வாங்குறோம். அங்க கப்பல் தாமதமானா இங்க சாம்பார் தண்ணியாகுது.

5/ தமிழ்நாட்டுல ஒரு பெரிய நல்ல விஷயம், ரேஷன் அரிசி இலவசம். 2011 ஜூன்ல இருந்து அப்படித்தான். அதனால யாரும் வயிறு காயுறதில்ல. ஆனா அதே காரணத்தால ஒரு பசி வெளிய தெரியுறதே இல்ல. விலை ஏறும்போது தட்டுல சோறு குறையாது. பருப்பு, முட்டை, காய், மீன்தான் குறையும்.

6/ பட்டாசு ஆபீஸ்ல வேலை பார்க்குற அக்கா ஒருத்தங்க. தலைசுத்தல், படியேறுனா மூச்சு வாங்குது. ஹீமோகுளோபின் 7.8. (பெண்களுக்கு 12க்கு மேல இருக்கணும்.)
"ஏன்க்கா, பருப்புக் குழம்பு வைக்கிறதில்லையா?"
"ரேஷன்ல போட்டா வைப்போம் டாக்டர். கடையில கால் கிலோ வாங்குனாலே நாப்பது ரூவா ஆகுதே. இருக்குறத பிள்ளைகளுக்கு ஊத்திட்டு, நான் ஊறுகாய வச்சு முடிச்சிருவேன்."

7/ இது ஒருத்தங்க கதை இல்ல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (என்எஃப்ஹெச்எஸ்-5) படி, தமிழ்நாட்டுல 15 - 49 வயசுப் பெண்கள்ல 53.4% பேருக்கு ரத்தசோகை. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகள்ல 57.4%. முந்தைய கணக்கெடுப்புல குழந்தைகள் 50.7%. அதாவது கூடியிருக்கு. இவ்வளவு ஆஸ்பத்திரி இருக்குற மாநிலத்துல!

8/ ரத்தசோகைக்குக் காரணம் சாப்பாடு மட்டும் இல்ல. குடற்புழு, அதிக மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம் எல்லாம் உண்டு. ஆனா நாங்க மாத்திரை குடுத்து ஏத்துற ரத்தம், தட்டு காலியா இருந்தா நிலைக்காது.

9/ இப்ப 2024 கோடைக்கு வருவோம். மே மாசம் ரேஷன்ல துவரம் பருப்பும் பாமாயிலும் பல கடைகள்ல முழுசா வரல. தேர்தல் நடத்தை விதிகளால கொள்முதல் தாமதம்னு அரசு சொன்னுச்சு. மே மாசத்துக்கு உரியதை ஜூன்ல வாங்கிக்கலாம்னாங்க. அப்புறம் ஜூன் மாசத்துக்கானதை ஜூலைல.

10/ பேப்பர்ல படிக்கிறவங்களுக்கு அது ஒரு சின்னச் செய்தி. ரேஷன் பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. வெளிய அதே பருப்பு அப்ப 170. ஒரு மாசம் வரலன்னா, அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கலாம். ஆனா போன மாசம் சாப்பிடாததை இந்த மாசம் சேர்த்துச் சாப்பிட முடியுமா? கர்ப்பிணிக்கு ஆறாம் மாசம்கிறது ஒரே ஒரு தடவைதான் வரும்.

11/ அந்த ஒரு கிலோ பருப்புல அப்படி என்ன இருக்கு? கணக்குப் போடுவோம். நாலு பேர் உள்ள வீட்டுல ஒரு கிலோவை 30 நாளைக்குப் பிரிச்சா, ஆளுக்கு நாளைக்கு 8 கிராம். ஐசிஎம்ஆர் - என்ஐஎன் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டி, பருப்பு - முட்டை - மீன் - கறி எல்லாம் சேர்ந்து நாளைக்கு சுமார் 85 கிராம்னு சொல்லுது. ரேஷன்ல கிடைக்கிறது அதுல பத்துல ஒரு பங்கு.

12/ அந்தப் பத்துல ஒரு பங்கும் நின்னாதான் பிரச்சினை. ஏன்னா பல வீட்டுல உறுதியா வர்றது அது மட்டும்தான். மிச்சம் எல்லாம் சம்பளத்தைப் பொறுத்தது.

13/ சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் சம்பளம்கிறது என்ன? பெரும்பாலும் வாரச் சம்பளம், பீஸ் ரேட். மழை பெய்ஞ்சா வேலை இல்ல, ஏன்னா மருந்து காயாது. தீபாவளி முடிஞ்சா பல வாரம் ஆலை மூடல். விபத்து நடந்தா ஆய்வு, உரிமம் ரத்து, மறுபடி மூடல். 2024 மே மாசம் செங்கமலப்பட்டியில நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க.

14/ 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. காற்று மாசைப் பத்தி நானும் கவலைப்படுறவன்தான். ஆனா மூடுன அன்னிக்கு இந்த வீடுகள்ல அடுப்பு எப்படி எரியும்னு யாரும் யோசிக்கல. ஆலை மூடுற மாசத்துல ரேஷன் பருப்பும் தாமதமானா, அது ரெட்டை அடி.

15/ "இலவசம் குடுத்துக் குடுத்துத்தான் யாரும் வேலைக்கு வர்றதில்ல"ன்னு கமெண்ட் போட சிலர் ரெடியா இருப்பாங்க. ஐயா, ஒரு காலைல சிவகாசி ரோட்டுல வந்து நில்லுங்க. தூக்குவாளியோட வேன்ல நெருக்கியடிச்சுப் போற பெண்களைப் பாருங்க. வெடிமருந்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை. சோம்பேறியா இருந்தா அந்த வேனே ஓடாதே?

16/ "விலை ஏறினா விவசாயிக்கு நல்லதுதானே?" இது நியாயமான கேள்வி. ஆனா 2023 ஜூலைல தக்காளி 100ஐத் தாண்டுச்சு, அரசு ரேஷன் கடையில 60க்கு வித்துச்சு. ஒண்ணு ரெண்டு மாசத்துல விலை தரைக்கு வந்து, பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டலன்னு விவசாயி புலம்புனாரு. இப்படி ஏறி இறங்குனா விக்கிறவருக்கும் நிம்மதி இல்ல, வாங்குறவருக்கும் இல்ல.

17/ சரி, வீட்டுல என்ன செய்யலாம்? கைக்காசுக்கு ஏத்த மாதிரி பேசுவோம். 'பாதாம் சாப்பிடுங்க'ன்னு நான் சொல்லப் போறதில்ல. ஒரு கிராம் புரதத்துக்கு என்ன செலவு? (2024 விலையில போட்ட கணக்கு; கடைக்குக் கடை மாறும், தோராயம்தான்.)

ரேஷன் துவரை: 14 பைசா
கொள்ளு: 45 பைசா
நிலக்கடலை: 50 பைசா
கடைத் துவரை: 77 பைசா
முட்டை: கிட்டத்தட்ட 1 ரூபா
பால்: 1 ரூபா 30 பைசா

18/ இதுல என்ன தெரியுது? ரேஷன் பருப்பை அடிச்சுக்க ஆளே இல்ல. வரும்போது விடாதீங்க. அடுத்தது கொள்ளு, தட்டப்பயறு, நிலக்கடலை. 'கொள்ளு சூடு, கர்ப்பிணி சாப்பிடக் கூடாது'ன்னு பயப்பட வேண்டாம். ஊற வச்சு நல்லா வேக வச்சாப் போதும். சாம்பார்னா துவரைதான்னு சட்டம் இல்ல.

19/ பிள்ளைகளுக்கு டப்பாவுல வர்ற 'ஹெல்த் ட்ரிங்க்' பவுடரை வாங்காதீங்க. அதுல பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்தான். அந்தக் காசுக்கு மாசம் முழுக்க ஒரு கைப்பிடி வறுகடலையும் ரெண்டு நாளைக்கு ஒரு முட்டையும் குடுக்கலாம். (ரொம்பச் சின்னக் குழந்தைக்குக் கடலையை முழுசாக் குடுக்காதீங்க, புரையேறும். பொடிச்சுக் குடுங்க.)

20/ இரும்புச்சத்துக்கு: முருங்கைக்கீரை, கம்பு, மீன்ல மத்தி, நெத்திலி. நம்ம கரிசல் காட்டுக் கம்பங்கூழ் நல்ல சாப்பாடு. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தா உடம்பு இரும்பை நல்லா எடுத்துக்கும். சாப்பிட்ட கையோட டீ மட்டும் வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. இதுக்குப் பைசா செலவு இல்ல.

21/ 'ரேஷன் பாமாயில் விஷமா டாக்டர்?' விஷம் இல்ல. நிறைவுற்ற கொழுப்பு கொஞ்சம் அதிகம். அளவுதான் முக்கியம். எந்த எண்ணெய்னாலும் ஆளுக்கு மாசம் அரை லிட்டரைத் தொட்டா அதிகம். விலை ஏறுச்சுன்னு வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க. பேரு தெரியாத லூஸ் எண்ணெயும் வேண்டாம்.

22/ சுகர் இருக்கவங்களுக்கு: பருப்பும் காயும் குறைஞ்சா அந்த இடத்தைச் சோறு நிரப்புது, சுகர் ஏறுது. மளிகைச் செலவைச் சமாளிக்க மாத்திரையை நிறுத்தாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை இலவசம். நடக்க முடியாதவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே வருது.

23/ அப்புறம் வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம வீட்டுல கடைசியா சாப்பிடுறது யாரு? குழம்புல அடியில இருக்குற தண்ணி யாருக்குப் போகுது? விலை ஏறுற காலத்துல குறையுறது முதல்ல அவங்க தட்டுதான். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து, முதல்லயே பிரிச்சு வச்சுச் சாப்பிடுங்க. நான் எழுதித் தர்ற டானிக்கை விட இது நல்ல வைத்தியம்.

24/ ஆனா எல்லாத்தையும் வீட்டு மேலயே போட்டுட்டு நான் நகர்ந்துட முடியாது. கொள்ளுக்கும் முருங்கைக்கும் ஒரு எல்லை உண்டு. அரசு செய்ய வேண்டியது இருக்கு. அரசு ஊழியரா இருந்துதான் சொல்றேன்.

25/ நம்ம மாநிலத்துக்கே ஒரு முன்மாதிரி இருக்கு. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம். 1994ல ஆரம்பிச்சது. மருந்தை மொத்தமா வாங்கி மாவட்டக் கிடங்குல வச்சு, ஆஸ்பத்திரிகளுக்குப் பாஸ்புக் போட்டுக் குடுக்குற ஏற்பாடு. மாசக்கணக்குக்கு இருப்பு கையில இருக்கும். மத்த மாநிலங்கள் வந்து பார்த்துக் கத்துக்கிட்டுப் போனது.

26/ தேர்தல் வந்துச்சுன்னு பாரசிட்டமால் நிக்குதா? இன்சுலின் அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கங்கன்னு சொல்றோமா? இல்லைல்ல? பருப்பையும் அதே கண்ணோட பாருங்கன்னுதான் கேட்குறேன். குறைஞ்சது ரெண்டு மாசத்துக்கான பருப்பும் எண்ணெயும் எப்பவும் கிடங்குல இருக்கணும். தேர்தல் தேதி முன்கூட்டியே தெரிஞ்ச விஷயம்தானே, டெண்டரை அதுக்கு முன்னாடி முடிக்கலாமே?

27/ ரெண்டாவது, 2007ல சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தப்போ துவரை, உளுந்து, பாமாயில் மூணும் இருந்துச்சு. 2017ல உளுந்து நின்னுபோச்சு. துவரை கிடைக்காத மாசத்துல கொள்ளோ தட்டப்பயறோ பாசிப்பயறோ போடலாம். நம்ம மானாவாரி விவசாயிகிட்டயே வாங்கலாம். அவருக்கும் ஒரு நிலையான விலை கிடைக்கும்.

28/ மூணாவது, ஆலை மூடுற மாசங்கள்ல இந்தப் பட்டாசு வட்டாரத்துக்கு மட்டும் கார்டுக்கு இன்னொரு கிலோ பருப்பு. தீபாவளிக்கு அடுத்த மாசம் எப்ப வரும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கடலுக்குப் போக முடியாத காலத்துக்கு மீனவர்களுக்கு நிவாரணம் குடுக்குற அரசுதானே இது?

29/ செலவாகும்தான். ஆனா ரத்தம் ஏத்துறது, குறைமாசக் குழந்தையை வாரக்கணக்குல இன்குபேட்டர்ல வச்சுப் பார்க்குறது எல்லாம் ஓசியா? அந்த பில்லும் இதே அரசுதான் கட்டுது. அந்தக் குழந்தையோட அம்மாவுக்கு ஏற்படுற சேதத்துக்கு பில்லே கிடையாது.

30/ 1956ல மதிய உணவுத் திட்டத்தைப் பெருசாக்குன காமராசர் இந்த விருதுநகர்ல பிறந்தவர். எம்ஜிஆர் 1982ல சத்துணவாக்குனாரு. கலைஞர் காலத்துல முட்டை வந்துச்சு. 2022ல காலை உணவு. 'காசு எங்க?'ங்கிற கேள்வி ஒவ்வொரு தடவையும் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வழி பிறந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் செஞ்சதை அதோட அம்மாவுக்கும் செய்யச் சொல்றேன், அவ்வளவுதான்.

31/ உங்க கடையில பருப்பு வரலன்னா 'சரி, அடுத்த மாசம்'னு திரும்பி வராதீங்க. 1967 அல்லது 1800 425 5901க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்க. கடைக்காரர்கிட்ட சண்டை வேண்டாம், அவரு கையில எதுவும் இல்ல. தீபாவளி முடிஞ்சு வேலை நிக்குறதுக்கு முன்னாடி, போனஸ்ல கொஞ்சம் எடுத்து ஒரு மாசத்துக்குக் கொள்ளும் கடலையும் வாங்கிப் போட்டுடுங்க.

32/ தலைசுத்தல், மூச்சு வாங்குறது, நகம் வெளுத்துப் போறது இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாருங்க. டெஸ்ட் இலவசம், சில நிமிஷ வேலை. உங்க வீட்டுல கடைசியா சாப்பிடுறவங்களை முதல்ல கூட்டிட்டுப் போங்க.