எட்டாம் தலத்துப் பெண்களின் கைகள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாம் சிலுவைப்பாதை செய்கிறோம். தலம் தலமாக நின்று, முழந்தாளிட்டு, செபித்து நகர்கிறோம். ஆனால் சுவரில் தொங்கும் அந்தப் பதினான்கு படங்களை நாம் உண்மையில் பார்க்கிறோமா? அவற்றை வரைந்தவர் நற்செய்தியின் எந்தப் பகுதியை வாசித்து வரைந்தார் என்று என்றாவது எண்ணியிருக்கிறோமா? நானும் நெடுங்காலம் எண்ணியதில்லை. எண்ண வைத்தவர் ஓர் இளைஞர். அவருக்கு நான் இழைத்த தவற்றை அறிக்கையிட்ட பின்னரே இச்சிந்தனையைத் தொடர்வது முறையாகும்.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த வேளை அது. மன்னார்க் கரையோரப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். உப்புக்காற்றில் ஆலயத்துச் சிலுவைப்பாதைப் படங்கள் உரிந்து, முகங்கள் அடையாளம் தெரியாமற் போயிருந்தன. வாடியில் படகுகளுக்குப் பெயரும் படமும் எழுதிப் பிழைத்த இளைஞர் ஒருவர் வந்தார். “சுவாமி, நான் வரைந்து தருகிறேன். கூலி வேண்டாம், வர்ணத்துக்கு மட்டும் தாருங்கள்” என்றார். மாதிரிக்கு ஒன்றை வரைந்து வரும்படி சொன்னேன். இரண்டு கிழமைகளில், ஒட்டுப்பலகையில் தீட்டிய எட்டாம் தலத்தைக் கொண்டுவந்தார்.

இயேசு எருசலேம் பெண்களைச் சந்திக்கும் காட்சி அது. பாதையோரத்தில் ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் சட்டம் போட்ட நிழற்படம் ஒன்று: பாடசாலைச் சீருடையில் ஒரு பையன், மீசை அரும்பிய ஓர் இளைஞன், மணக்கோலத்தில் ஒரு மாப்பிள்ளை. சிலுவை சுமந்து செல்லும் ஆண்டவர் திரும்பி, அந்த நிழற்படங்களைப் பார்க்கிறார்.

பங்குச் சபையினர் பார்த்தனர். “படம் நல்லது, ஆனால் கோயிலுக்குள் அரசியல் வேண்டாமே” என்றார் ஒருவர். “விசாரிக்க வந்தால் யார் பதில் சொல்வது?” என்றார் இன்னொருவர். அவர்களை நான் குறைகூறமாட்டேன். அந்நாள்களின் அச்சம் காரணமின்றி வந்ததல்ல. என் குறை வேறு. நான் அந்த இளைஞரை அழைத்து, “தம்பி, நிழற்படங்களை மட்டும் அழித்துவிடு” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “சுவாமி, லூக்கா இருபத்துமூன்றாம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்துவிட்டுத்தான் வரைந்தேன். அந்த இடத்தில் ஆண்டவர் பிள்ளைகளைப் பற்றித்தானே பேசுகிறார்? இதை அழித்தால் அந்த அம்மாமாரின் கையில் எதைக் கொடுக்கிறது?”

என்னிடம் விடை இல்லை. ஆயினும் அவர் கீழ்ப்படிந்தார். நிழற்படங்களின்மேல் சேலையின் நிறத்தைப் பூசினார். கைகளை மட்டும் மாற்றவில்லை. எதையோ ஏந்தியபடி, ஆனால் எதுவுமின்றி, அக்கைகள் நெஞ்சருகே நின்றன. மீதிப் பதின்மூன்று தலங்களை அவர் வரையவில்லை, நானும் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து அச்சுப் படங்களை வருவித்து மாட்டினோம். எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்பர்களே, குருமடத்தில் லூக்கா நற்செய்தியை வசனம் வசனமாகக் கற்றவன் நான். எருசலேம் மகளிரை ஆண்டவர் சந்தித்ததை நான்கு நற்செய்தியாளருள் லூக்கா மட்டுமே எழுதினார் என்பதும் (லூக் 23:27-31), கி.பி. 70இல் அந்நகர் அழிக்கப்பட்டதை மனத்திற்கொண்டே அவர் எழுதினார் என அறிஞர் பலர் கருதுவதும் என் குறிப்பேட்டில் இருந்தன. அங்கே ஆண்டவர் பெண்களின் அழுகையை நிறுத்தவில்லை. தமக்காக அழவேண்டாம் என்கிறார். அவர்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் அழச் சொல்கிறார். தம் சாவை நோக்கி நடப்பவர், வரவிருக்கும் போரில் மடியப்போகும் பிள்ளைகளை நினைந்து நின்றார். நான் குறிப்பேட்டில் எழுதி மூடிவைத்ததை அந்த இளைஞர் பலகையில் திறந்துவைத்தார். அந்த நிழற்படங்கள் இறைவார்த்தைக்கு வெளியிலிருந்து வந்தவையல்ல. அவ்வார்த்தையின் விளக்கவுரையே அவை.

2011 ஜனவரியில் நம் மறைமாவட்டத்தின் அன்றைய ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, வன்னி மக்கள்தொகை பற்றிய அரச கணக்குகளை ஒப்பிட்டு, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வினவினார். ஆயர் ஆணைக்குழுவின் முன் கேட்டதை ஓர் ஓவியர் ஆலயச் சுவரில் கேட்க முற்பட்டபோது, பங்குத்தந்தையாகிய நான் பின்வாங்கினேன்.

விடுதலைப்பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில், கடவுள் தம் ஆவியால் ஒருவரை நிரப்பியதாகக் கூறுகிறார். அவர் அரசரல்லர், குருவுமல்லர். பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்யத் தெரிந்த பெட்சலேல் என்னும் கைவினைஞர் அவர். மறையுரை ஆற்றுபவருக்கு ஆவியின் துணை வேண்டும் என நாம் மன்றாடுகிறோம். ஆலயத்துக்கு வர்ணம் தீட்டுபவருக்காக மன்றாடியதுண்டா? அவரிடம் விலை கேட்கிறோம், எத்தனை நாள் செல்லும் என்று கேட்கிறோம். திருவிவிலியத்தை வாசித்தீரா என்று கேட்பதில்லை.

இந்த மண்ணுக்கு இது புதிய வழியுமன்று. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒப்பாரி இராகத்தில் பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் முன்னோர். காதால் கேட்டதைக் கண்ணாலும் காண விரும்பினர். மரத்தில் செய்த உருவங்களைக் கொண்டு திருப்பாடுகளைக் காட்டிய உடக்குப்பாஸ் பேசாலையின் பழம்பெருமை. பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருவுடல் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி ஆசந்தியில் கிடத்தும்போது, தம் வீட்டுச் சாவுக்கு அழுவதுபோலவே நம் தாய்மார் அழுகின்றனர். மடு அன்னையின் சுரூபமோ, ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி 1670இல் மாந்தையிலிருந்து மக்களோடு காட்டுக்குப் போனது. 2008 ஏப்ரலில் எறிகணைகளுக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குப் போனது. அன்னையும் நம்மோடு இடம்பெயர்ந்தார் என்று பெருமையோடு சொல்லும் நாம், எட்டாம் தலத்துப் பெண்கள் நம் ஊர்ப் பெண்களாக நின்றால் மட்டும் ஏன் கலங்க வேண்டும்?

நம் நாட்டில் வழிகாட்டிகளும் உண்டு. கண்டி திரித்துவக் கல்லூரியின் அங்கிலிக்கன் சிற்றாலயத்தில், 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் டேவிட் பெயின்ரர் சுவரோவியங்கள் தீட்டினார். ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர் அவர். அவர் வரைந்த சிலுவைச் சாவில் கிறிஸ்து தாடியற்ற இளைஞர். சிலுவையைச் சூழக் கண்டல் சதுப்பு. கண்டல் சேற்றில் கால் புதைய நடந்து பழகிய மன்னார் மக்களுக்கு அந்தக் கொல்கொதா தொலைவில் இல்லை.

களனிக்கு அருகே கோணவலையில் 1974இல் துலானா ஆய்வு நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு அலோசியஸ் பீரிஸ் இன்னும் ஒரு படி சென்றார். நற்செய்தியைப் பௌத்தக் கலைஞர்களின் முன் வைத்தார். ஹட்டிகம்மன உத்தரானந்த தேரர் என்னும் துறவி, ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவுவதை ஓவியமாக்கினார். பௌத்தச் சிற்பியான கிங்ஸ்லி குணதிலக்க, பன்னிரண்டு வயது இயேசு மறைநூல் அறிஞர் நடுவே இருப்பதைக் களிமண்ணில் வடித்தார். நாம் பழக்கத்தால் கேளாமல் விட்டதை, புதிதாகக் கேட்டவர்கள் கண்டுகொண்டனர்.

கடல் கடந்தும் ஒரு சான்று. நிக்கராகுவா நாட்டுப் பேரேரியில் சொலெந்திநாமே என்னும் சிறு தீவுக்கூட்டம் உண்டு. 1966இல் அங்கு குழுமம் ஒன்றைத் தொடங்கிய குருவும் கவிஞருமான எர்னெஸ்தோ கார்தெனால், திருப்பலியில் தாமே மறையுரை ஆற்றுவதற்குப் பதிலாக, மீனவரும் உழவரும் நற்செய்தியைப் பற்றிப் பேசும்படி விட்டார். அவர்களுட் சிலர் பேசியதை வரையவும் செய்தனர். ஏரோது குழந்தைகளைக் கொன்ற காட்சியில் கொலைஞர் தம் நாட்டுப் படையினரின் உடையில் தோன்றினர். 1977இல் அந்நாட்டுத் தேசியக் காவற்படை அக்குழுமத்தை அழித்தது. வார்த்தையை வாசித்து வரைவது தீங்கற்ற பொழுதுபோக்கு அன்று என்பதை அப்படையினரும் அறிந்திருந்தனர் போலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பின்னணியில் ஒரு பனைமரம், இயேசுவின் இடுப்பில் ஒரு சாரம், கரையில் ஒரு கட்டுமரம் என்று வரைந்துவிட்டால் அது நம் மண்ணின் கிறிஸ்தவக் கலை ஆகிவிடாது. அது உடைமாற்றம் மட்டுமே. வார்த்தை ஓவியரின் உள்ளத்தில் நுழைந்து, அவரது காயத்தைத் தொட்டு, அதன் பிறகு தூரிகைக்கு வரவேண்டும். வார்த்தை நம் காயத்தை ஆற்றுவதோடு நில்லாது. நம் குற்றத்தையும் காட்டும். 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போயினர். நல்ல சமாரியர் உவமையை ஓர் ஓவியர் ஆழ்ந்து வாசிக்கிறார் என்று கொள்வோம். அடிபட்டுக் கிடப்பவர் நம்மவர், குனிந்து எண்ணெய் வார்ப்பவர் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மீனவர் என்று அவர் வரைந்தால், நம் ஆலயச் சுவரில் இடம் கொடுப்போமா? நம் துயரை மட்டும் வரையக் கேட்டு, நம் மௌனத்தை வரைய மறுத்தால், நாம் கேட்பது இறைவார்த்தையை அல்ல, நம் சொந்தக் குரலையே.

இயேசு யூதராக வாழ்ந்தவர், அவரை மன்னார் மீனவர்போல் வரைவது பொய்யாகாதா என்று பக்தியுள்ள பெரியவர்கள் கேட்பர். நல்ல கேள்வி. ஆனால் நம் வீட்டுப் படங்களில் உள்ள பொன்முடியும் நீலக்கண்ணும் நாசரேத்தில் பிறந்தவையா? ஓவியர் ஆண்டவரின் முகத்தை நிழற்படம் எடுக்கவில்லை. அவர் நமக்கு யார் என்பதை அறிக்கையிடுகிறார். திருச்சபை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவுபடுத்தியது. அடுத்த ஆண்டு மே 7ஆம் நாள், திருத்தந்தை ஆறாம் பவுல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கலைஞரைச் சந்தித்து, திருச்சபை அவர்களுக்கு ஏற்படுத்திய துன்பத்துக்காக மன்னிப்புக் கேட்டார். திருத்தந்தை கேட்ட மன்னிப்பை ஒரு பங்குக்குரு கேட்பதில் வெட்கம் என்ன?

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய சுரூபங்களையும் படங்களையும் அகற்றச் சொல்லவில்லை. அவற்றின் முன் நம் தாய்தந்தையர் கண்ணீர் விட்டிருக்கின்றனர். அவை அந்தக் கண்ணீரால் புனிதமானவை. ஆனால் ஒவ்வொரு பங்கும் ஒரு சுவரையாவது, ஒரு பலகையையாவது நம் ஓவியர்களுக்கு ஒதுக்கட்டும். வரைவதற்கு முன் ஓவியரும் பங்குத்தந்தையும், வலை இழுப்பவரும், கருவாடு உலர்த்தும் பெண்களும், மறைப்பள்ளிச் சிறுவரும் ஒன்றாய் அமர்ந்து நற்செய்திப் பகுதியை வாசிக்கட்டும். ஒருமுறை அல்ல, பலமுறை. இடையிடையே மௌனம் இருக்கட்டும். மனத்தைத் தைத்ததை ஒவ்வொருவரும் சொல்லட்டும். வரைந்தபின் மீண்டும் கூடி, படத்தையும் பாடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். திருத்த வேண்டுமாயின் வார்த்தையைக் கொண்டு திருத்துவோம், அச்சத்தைக் கொண்டு அல்ல.

அந்த ஒட்டுப்பலகை இன்றும் என்னிடம் இருக்கிறது. இடமாற்றங்கள் தோறும் உடன் கொண்டு வந்திருக்கிறேன். ஆண்டுகள் செல்லச் செல்ல, மேலே பூசிய வர்ணம் மெலிந்து, நிழற்படச் சட்டங்களின் விளிம்புகள் கோடுகளாய்த் தெரியத் தொடங்கியுள்ளன. இத்தவக்காலம் தொடங்குமுன் அந்த இளைஞரைத் தேடிச் சென்றேன். இப்போது அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். மீதித் தலங்களை வரைந்து தர இயலுமா என்றும் கேட்டேன். கையிலிருந்த தூரிகையைத் துணியில் துடைத்தபடி, “முதலில் வாசிக்கிறேன், சுவாமி” என்றார்.

நாமும் முதலில் வாசிப்போம். எருசலேம் மகளிரைத் திரும்பிப் பார்த்த ஆண்டவர், வெறுங்கையோடு நிற்கும் நம் தாய்மாரைப் பார்க்கும் கண்களை நம் ஓவியர்களுக்கும், அவர்கள் காட்டுவதைக் காணும் துணிவை நமக்கும் அருள்வாராக.