வீட்டுக்கு ஒரு வரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவன் யார் என்று நம்மை எழுப்பிக் கேட்டாலும் விடை கூறுவோம். அவன் மகன் பெயரும் தெரியும். அம்மகன் படை கங்கை வரை சென்றதும் தெரியும். மேடை ஏற்றிவிட்டால் அதைப்பற்றி அரை மணி நேரம் முழங்கவும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாட்டனாரைப் பெற்றவர் பெயர் என்ன? அவர் எந்த ஊரில் பிறந்தார்? என்ன தொழில் செய்தார்? எதற்காக ஊரை விட்டு வந்தார்? நம் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்த பிறகு இக்கேள்வியை வேடிக்கையாகக் கேட்டுப் பார்த்தேன். இருந்தவர் இருபதுபேர். விடை கூறியவர் மூவர். அம்மூவரில் நான் ஒருவன் அல்லன்.

அந்த வெட்கம் என்னைப் பிரேசர் டவுனில் உள்ள ஒரு பள்ளிக்கு இட்டுச் சென்றது. அங்கே ஏழாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குடும்பக் கதையை எழுதிவர வேண்டும் என்று ஒரு முயற்சியைத் தொடங்கியிருந்தார். துணைக்கு மாணவர் சிலர் வந்தால் நன்று என்றார். சென்றேன், ஓராண்டாகச் சனிக்கிழமைதோறும் சென்று வருகிறேன். உதவி செய்யப் போனவன் பாடம் கற்றுத் திரும்பினேன். அந்தப் பாடத்தைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

பிரேசர் டவுனுக்கு வரலாறு இல்லாமல் இல்லை. 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிப் பாளையம் அமைத்தனர். படை வந்தால் படையோடு சமையற்காரர் வருவர். வண்ணார், தையற்காரர், கொத்தனார், வண்டிக்காரர், வணிகர் எல்லாரும் வருவர். ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் நம்மவர் வந்தது அப்படித்தான். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு இரயில் வந்தது, வருகை பெருகியது. 1898இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடியது. நெருக்கடியான பகுதிகளின் கூட்டத்தைக் குறைக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகன்ற தெருக்களோடு ஒரு புதிய குடியிருப்பை அமைத்தனர். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்து, பின்னர் ரெசிடெண்ட் ஆன ஸ்டூவர்ட் பிரேசர் துரையின் பெயரை அதற்குச் சூட்டினர். இன்று அதற்குப் புலிகேசி நகர் என்று பெயர். ஆயினும் மக்கள் வாயில் அது பிரேசர் டவுன்தான்.

துரையின் பெயர் நிலைத்துவிட்டது. கோல்ஸ், ஹெயின்ஸ், ராபர்ட்சன் என்று தெருவுக்குத் தெரு துரைமார் பெயர்கள் நிற்கின்றன. அத்தெருக்களில் கல் பரப்பியவன் பெயர் எங்கே? அவ்வீடுகளில் அடுப்பூதியவள் பெயர் எங்கே? நூலகத்தில் இல்லை, கல்வெட்டில் இல்லை. அது ஓர் இடத்தில்தான் இருக்கிறது: எண்பது வயது ஆயா ஒருத்தியின் நினைவில் இருக்கிறது. அந்த ஆயா எத்தனை நாள் இருப்பார்?

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு சிறுமி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலம். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. அவளுடைய ஆயாவின் தகப்பனார் ஒரு துரை வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். 1947இல் துரை கப்பலேறியபோது அவருக்கு ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு காகிதமும் கொடுத்துவிட்டுப் போனாராம். ஏதோ பெரிய பத்திரம் என்று எண்ணி, அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருந்தார்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தும், ஒருவரும் அதைப் பிரித்துப் படித்ததில்லை.

அந்தச் சிறுமி பிரித்தாள். கூட்டெழுத்தில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பத்திரம் அன்று, வேறோர் எசமானிடம் வேலை கேட்பதற்கான நற்சான்றுச் சீட்டு. ஆள் நாணயமானவன், குடிப்பழக்கம் இல்லாதவன், முல்லிகடானி நன்றாகச் செய்வான் என்று எழுதியிருந்தது. "முல்லிகடானின்னா இன்னா ஆயா?" என்றாள் சிறுமி. ஆயா சிரித்துவிட்டார். "மொளகுத்தண்ணிடி அது!" என்றார். நம் அடுப்பிலிருந்து ஆங்கில அகராதிக்குப் போன சொல், அன்று அந்தக் குடும்பத்தின் கூடத்துக்குத் திரும்பி வந்தது.

ஆனால் சிறுமி சீட்டை மறுபடியும் புரட்டிப் பார்த்தாள். "ஆயா, இதுல பேரே இல்லையே!" என்றாள். உண்மைதான். நாணயம் இருந்தது, மிளகுத்தண்ணீர் இருந்தது. அவர் பெயர் மட்டும் இல்லை. 'இதைக் கொண்டுவருபவன்' என்று மட்டுமே இருந்தது. ஆயா சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் தகப்பனார் பெயரையும், அவரைப் பெற்றவர் பெயரையும், வேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சிறுமி எழுதினாள். அப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவ்வீட்டுச் சொத்து. எழுத வேண்டியவள் எழுதிவிட்டாள், அது போதும்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். ஆயா சொன்ன கதை முழுவதையும் சிறுமி கைபேசியில் பதிவு செய்தாள். அதைக் கேட்டுத் தமிழில் எழுதித்தரும் பொறுப்பை நான் ஏற்றேன். எழுதும்போது என் தமிழ்ப்பற்று பொங்கிவிட்டது. ஆயா 'நைனா' என்றார்; நான் 'தந்தையார்' என்று எழுதினேன். அவர் 'குசினி' என்றார். நான் 'சமையலறை' ஆக்கினேன். 'தொரசாணி' எனக்கு 'ஆங்கிலப் பெருமாட்டி' ஆனாள். மறு வாரம் படித்துக் காட்டினேன். ஆயா பொறுமையோடு கேட்டார். "நல்லாத்தான் இருக்குது தம்பி. ரேடியோவுல படிக்கிறாப்போல இருக்குது. ஆனா இது நான் சொன்னது இல்லியே கண்ணு!" என்றார்.

எனக்கு நாக்கு எழவில்லை. துரை அவருடைய தகப்பனாரின் பெயரை விட்டுவிட்டான். நான் அவருடைய குரலையே விட்டுவிட்டேன். இருவருக்கும் என்ன வேற்றுமை? 'நைனா' போனதும் அந்தத் தகப்பனாரே கதையை விட்டுப் போய்விட்டார். 'குசினி' என்பது போர்த்துக்கீசியர் வழியே வந்த சொல். அந்த ஒரு சொல்லுக்குள் வெள்ளையர் வீட்டு அடுக்களைக்குள் நம்மவர் சென்று உழைத்த காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைத் துடைத்துவிட்டால் தமிழ் தூய்மையாகலாம், வரலாறு பொய்யாகிவிடும். மேடையில் செந்தமிழ் பேசுவோம். தேர்வில் செந்தமிழ் எழுதுவோம். ஆயா சொன்னதை மட்டும் ஆயா சொன்னபடியே எழுதுவோம். இதுவே நான் கற்ற பாடம்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோர் உண்டு. நடந்திருக்கிறது. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தில், நாட்டுப்புறவியல் ஆணையம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடமே இப்பணியை ஒப்படைத்தது. 26 கோட்டங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள்; பெரும்பாலும் 11 முதல் 14 வயது வரையுள்ள 50,000 பிள்ளைகள். வாரந்தோறும் கட்டுரை எழுதும் நேரத்தை இதற்கென விட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டார்கள். அண்டை வீட்டாரிடம் கேட்டார்கள். வைத்தியம், விளையாட்டு, பஞ்சம், பேய்க்கதை எல்லாவற்றையும் எழுதிக் குவித்தார்கள். திரண்டவை ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள்! இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் காக்கப்படுகின்றன. இணையத்திலும் எவரும் படிக்கலாம். அவர்களுக்கு இருந்த கருவி என்ன? பேனாவும் நோட்டுப் புத்தகமும். நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குரலைப் பதியும் கருவியே இருக்கிறது. கருவிக்குக் குறைவில்லை, கேட்கும் காதுக்குத்தான் குறை.

"சமையற்காரன் கதையும் சலவைக்காரன் கதையும் வரலாறு ஆகுமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை தம் நாட்குறிப்பில் கப்பல் வந்ததையும் கடைவீதி வதந்தியையும் வீட்டுச் செய்தியையும் எழுதி வைத்தார். இன்று அக்காலத்தை ஆராய்வோர் அதைப் புரட்டாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. நம் காலத்திலும், 2014இல் பி. சாய்நாத் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணகம் எளிய மக்களின் வாழ்வைப் பதிவு செய்து வருகிறது. மாணவர்களையும் எழுத வைக்கிறது. தமிழிலும் அதைப் படிக்கலாம்.

"பெங்களூரில் இருந்துகொண்டு தமிழர் கதையைத் தனியே தொகுத்தால் அது பிரிவினையை வளர்க்காதா?" என்றும் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி. விடையையும் ஒரு பிள்ளையே எழுதி வந்தான். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் கலவரம் மூண்டபோது, அடுத்த வீட்டுக் கன்னடத்து அம்மா தன் பாட்டி வீட்டார் அனைவரையும் தம் வீட்டில் மூன்று நாள் வைத்துச் சோறு போட்டார் என்பது அவன் எழுதிய கதை. பாட்டி சொல்லியிராவிட்டால் பேரனுக்குக் கலவரம் மட்டுமே தெரிந்திருக்கும். அந்த அம்மாவின் சோறு தெரிந்திராது. அன்றியும், அந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளை மட்டுமா இருக்கிறது? கன்னடம், உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உள்ளனர். அவர்களுக்கும் ஆயாக்கள் உண்டு. கேட்பது என்று வந்தபின் எல்லார் வீட்டுக் கதையையும் கேட்போம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாக் கதையும் இனிய கதை அன்று. ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று ஒரு முதியவரைக் கேட்டாள் ஒரு பேத்தி. "எங்கள அந்தத் தெருவுல செருப்புப் போட்டு நடக்க வுடல" என்று தொடங்கியவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், நிறுத்திவிட்டார். "அத்த நிறுத்தும்மா" என்று கைபேசியைக் காட்டினார். அவள் நிறுத்தினாள். சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு. சொல்லாமல் இருப்பதற்கும் உண்டு. பறித்து எடுத்த கதை திருடிய பொருள். ஆனால் அந்தப் பாதி வாக்கியமே அப்பிள்ளைக்குப் பாடநூல் கற்பிக்காததைக் கற்பித்துவிட்டது.

ஆதலின் நம் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். கம்பனையும் இளங்கோவையும் எடைபோடுகிறோம். நன்று, நடக்கட்டும். அத்துடன் சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரத்தை ஒரு பள்ளிக்குக் கொடுப்போம். பள்ளிக்கு இருவர் போதும். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முதலில் இசைவு பெறுவோம். கேட்பவர் பிள்ளையாகவே இருக்கட்டும். நாம் பக்கத்தில் இருப்போம். 'உங்கள் வரலாற்றைக் கூறுக' என்றால் எந்தப் பாட்டியும் வாய் திறவார். 'இந்த அம்மியை யார் வாங்கினார்?', 'இந்தப் படத்தில் நிற்பவர் யார்?', 'முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?' என்று கேட்டால் கதை தானே வரும். தமிழ் எழுத வராத பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதட்டும். தன் ஆயா சொன்னதைத் தானே படிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தால், அ, ஆ தானே தேடி வரும். அந்தச் சிறுமி இப்போது 'ற'வும் 'ர'வும் கேட்டு என்னைத் துளைக்கிறாள். எழுதி முடித்த நோட்டின் முதற்படி அந்த வீட்டுக்கே போக வேண்டும். பெரியவர் சரியென்று சொன்ன பிறகே மற்றவர் பார்வைக்கு வர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று உண்டு. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்வோம். பையை வைத்ததும் கைபேசியைத் தடவாமல், திண்ணையிலோ கட்டிலிலோ இருக்கும் பெரியவர் பக்கத்தில் உட்காருவோம். நான் அப்படித்தான் சென்ற பொங்கலுக்குச் சென்றேன். பாட்டனாரைப் பெற்றவர் பெயரைக் கேட்க எண்ணியிருந்தேன். பாட்டனார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பாட்டிக்கு நினைவு தவறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே 'யார்' என்று கேட்டார்.

எனக்கு நேரம் தவறிவிட்டது. உங்களுக்கு இன்னும் தவறவில்லை. கேளுங்கள்.