யாரைப் பார்த்துச் சிரிப்பது?

2019-ம் வருஷம் செப்டம்பர் மாதம் "கௌன் பனேகா கரோர்பதி" என்ற ஹிந்தி டெலிவிஷன் போட்டியில், ஹனுமான் சஞ்சீவி மூலிகையை யாருக்காகக் கொண்டு வந்தார் என்று ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ராஜஸ்தானத்திலிருந்து வந்திருந்த ஒரு சமூக ஊழியருக்குத் துணையாக அமர்ந்திருந்த நடிகை சோனாக்ஷி சின்ஹாவுக்கு விடை நிச்சயமாகத் தெரியவில்லை. போட்டியின் விதிகள் அனுமதிக்கும் உதவியை நாடும்படி ஆயிற்று. இவருடைய தந்தையின் பெயர் சத்ருக்னன். சகோதரர்களின் பெயர்கள் லவன், குசன். மும்பையில் அவர்கள் வீட்டுக்கே 'ராமாயணம்' என்று பெயர். பரிகாசத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? தேசமெங்கும் பல நாள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எளிதில் ஓயவுமில்லை. ஐந்து வருஷங்களுக்குப் பின், 2024 டிசம்பரில், மூத்த நடிகர் ஒருவர் இதே விஷயத்தைக் கிளறித் தந்தையின் வளர்ப்பையே குறை கூற, அந்த நடிகை பகிரங்கமாகப் பதில் சொல்ல நேர்ந்தது.

இது நமது தேசத்துக்கு மட்டும் உரிய சங்கதியன்று. 2018 ஆகஸ்டில் துருக்கியில் இதே மாதிரிப் போட்டி ஒன்றில், பொருளாதாரம் படித்த ஓர் இளம்பெண்ணிடம் சீனப் பெருஞ்சுவர் எந்த தேசத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். விடை கேள்வியிலேயே இருக்கிறது. அந்தப் பெண் சபையோரின் உதவியைக் கேட்டார். சபையோரில் 51 சதவிகிதம் பேர்தான் சீனா என்றார்கள். அதிலும் திருப்தியடையாமல் ஒரு சிநேகிதருக்கு டெலிபோன் செய்து கேட்டுவிட்டு, பிறகே சரியான விடையைச் சொன்னார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பெண்ணைப் பார்த்து நகைத்தன. சபையில் அமர்ந்து தவறான பொத்தானை அழுத்திய பாதிப் பேரை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நமக்கோ அவர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள். மேடையில் ஏறியவருக்கு விளக்கு வெளிச்சம், கடிகாரம், பண நஷ்டம் பற்றிய பயம் எல்லாம் உண்டு. நாற்காலியில் சாவதானமாக உட்கார்ந்திருந்தவருக்கு என்ன சமாதானம்?

இந்தப் போட்டிகளின் மூலம் பிரிட்டனில் 1998-ல் தோன்றிய ஒரு நிகழ்ச்சி. 2000 ஜூலையில் அது அமிதாப் பச்சனின் குரலோடு ஹிந்தியில் வந்தது. அதே வருஷம் சரத்குமாரை வைத்துத் தமிழிலும் வந்தது. முதல் சில கேள்விகளை வேண்டுமென்றே எளிதாக வைப்பது அதன் வியாபார முறை. வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர் "இதுகூடத் தெரியாதா!" என்று துள்ள வேண்டும், துள்ளினால்தான் அடுத்த விளம்பரம் வரையில் எழுந்து போகமாட்டார். ஆகவே போட்டியாளரின் திகைப்பும் விற்பனைச் சரக்குதான். ஒரு காலத்தில் இந்தச் சரக்கைப் பொய்யாகவே தயாரித்தார்கள். 1956-ல் அமெரிக்காவில் "ட்வென்டி ஒன்" என்ற போட்டியில், 1955-ம் வருஷத்தின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு எதற்குக் கிடைத்தது என்ற கேள்விக்கு ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர் தவறாக விடை சொன்னார். சரியான விடையான "மார்ட்டி" படத்தை அவர் பலமுறை பார்த்திருந்தார். தோற்றுப் போகும்படி நிகழ்ச்சிக்காரர்கள் உத்தரவிட்டிருந்தார்கள், தோற்றார். அவரை வென்ற கொலம்பியா சர்வகலாசாலை ஆசிரியர் சார்ல்ஸ் வான் டோரன் 1,29,000 டாலர் சம்பாதித்துத் தேசப் பிரசித்தி பெற்று, கடைசியில் 1959 நவம்பரில் காங்கிரஸ் விசாரணைக் கமிட்டியின் முன் தமக்கு விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டதை ஒப்புக்கொண்டார். தெரிந்தவர் தெரியாதவராகவும், தெரியாதவர் மேதாவியாகவும் வேஷம் போட்ட அந்த நாடகத்தை லட்சக்கணக்கான குடும்பங்கள் வாரந்தோறும் பார்த்து நம்பின. மறு வருஷம் அதைத் தடுக்கச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

அது கிடக்கட்டும். எது எளிய கேள்வி, எது கடினமான கேள்வி என்பதை நிச்சயிப்பவர் யார்? 2011-ல் பீஹாரிலுள்ள மோதிஹாரியைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஹிந்திப் போட்டியில் 5 கோடி ரூபாய் வென்றார். கிராம வேலை உறுதித் திட்டத்தில் கம்ப்யூட்டர் இயக்குபவராக மாதம் சுமார் 6,000 ரூபாய் சம்பளம் வாங்கியவர் அவர். 1917-ல் காந்தியடிகள் அவுரித் தோட்ட விவசாயிகளுக்காகப் போராடிய சம்பாரணின் தலைநகர்தான் மோதிஹாரி. அவரிடம் கேட்கப்பட்ட கடைசிக் கேள்வி: 1868 அக்டோபரில் நிக்கோபார் தீவுகள் மீதிருந்த உரிமையைப் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டு இந்தியாவை விட்டு விலகிய ஐரோப்பிய நாடு எது? விடை டென்மார்க்.

இந்த விடை எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706-ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்திலுள்ள செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். (இரண்டு ஊர்களுக்கும் கிடைத்த விலையைப் போல நாற்பது மடங்கு, அந்த வியாபாரத்தின் கடைசிப் பகுதியை அறிந்திருந்ததற்குக் கிடைத்திருக்கிறது!) அந்தக் கோட்டை இன்றும் கடற்கரையில் நிற்கிறது. அதன் நிழலில் வலை உலர்த்தும் குடும்பத்துப் பையனுக்கு டேனிஷ் கோட்டை என்ற பெயர் பால பாடம். மும்பையில் கேள்வி தயாரிப்பவருக்கு அது 5 கோடி பெறும் அபூர்வ ரகசியம். அதே பையனிடம் ஏதோ ஒரு ஹிந்திப் படத்தின் கதாநாயகன் பெயரைக் கேட்டு, அவன் விழித்தால் அதை "அடிப்படைப் பொது அறிவு இல்லாமை" என்பார்கள். நம்மைச் சுற்றியுள்ளவற்றின் சரித்திரத்துக்கு மதிப்பில்லாமலும், பெரிய நகரங்களின் பேச்சுக்கு மட்டும் மதிப்பு வைத்தும் பொது அறிவை அளப்பது நியாயமான அளவுகோல் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

இப்படிச் சொல்வதால் அறியாமையே இல்லை என்று நாம் சாதிப்பதாக எண்ணிவிடக் கூடாது. இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. அதை உண்டாக்கும் இடம் டெலிவிஷன் மேடையன்று, பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்போடு விஞ்ஞானப் பிரிவு மாணவனுக்குச் சரித்திரமும் பூகோளமும் முடிந்து விடுகின்றன. பதினைந்து வயதில் மூடிய புத்தகத்தை அவன் எஞ்சினீயராகி, தகப்பனாகிய பிறகும் திறப்பதில்லை. மார்க் வேட்டையில் பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடங்களையே தாண்டிச் சென்று, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பை உருப்போட வைத்தன. இதைத் தடுக்க 2017-ல் சர்க்கார் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீக்ஷை வைத்தார்கள். 2025-ல் ராஜ்யக் கல்விக் கொள்கை அந்தப் பரீக்ஷையை எடுத்துவிட்டது. குழந்தைகளின் சுமை குறைவதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் பழைய வியாதி திரும்பாதபடி மேற்பார்வை செய்யப் போகிறவர் யார் என்பது தெளிவாக்கப்பட வேண்டும்.

இதன் பலனை அரசாங்க உத்தியோகப் பரீக்ஷைகளில் காணலாம். பத்தாம் வகுப்புத் தரத்தில் நடக்கும் குரூப் 4 பரீக்ஷைக்கு 2024-ல் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பட்டதாரிகள் அநேகர். பி.இ. முடித்தவரும் எம்.எஸ்ஸி. முடித்தவரும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள பாடப் புத்தகங்களை மறுபடி வாங்கி, வரி வரியாகக் கோடு போட்டுப் படிக்கிறார்கள். பத்து வருஷங்களுக்கு முன் பரீக்ஷைக்காகப் படித்து, பரீக்ஷை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்ததை இப்போது இன்னொரு பரீக்ஷைக்காகத் தேடி எடுக்கிறார்கள். உத்தியோகம் கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும் அது மறுபடி மறந்து போகும். பொது அறிவு என்பது நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் வித்தை என்று ஆகிவிட்டபிறகு வேறு என்ன எதிர்பார்ப்பது?

தெரியாமை வேறு, தெரியாதிருக்கச் செய்வது வேறு. 2020 அக்டோபர் முடிவில் இதே ஹிந்திப் போட்டியில், 1927 டிசம்பர் 25-ந் தேதி டாக்டர் அம்பேத்கரும் அவருடைய சகாக்களும் எந்த நூலின் பிரதிகளைக் கொளுத்தினார்கள் என்று கேட்கப்பட்டது. மஹாட் நகரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது சரித்திர சம்பவம். அதை விரும்புகிறவரும் உண்டு, வெறுக்கிறவரும் உண்டு. நடக்கவில்லை என்று சொல்பவர் எவருமில்லை. அப்படியிருந்தும் கேள்வி கேட்டதே குற்றம் என்று போலீஸில் புகார்கள் கொடுக்கப்பட்டன. ஹனுமானைப் பற்றிய கேள்விக்கு விடை தெரியாததைக் கண்டு ஒரு கூட்டம் சீறியது. அம்பேத்கரைப் பற்றிய கேள்வி கேட்கப்பட்டதைக் கண்டு ஒரு கூட்டம் சீறியது. எந்தெந்த விஷயங்களை ஜனங்கள் அறிந்திருக்க வேண்டும், எவற்றை மறந்துவிட வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தாமாகவே எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். சரித்திரத்தின் சில பக்கங்களைக் கேள்வித்தாளிலிருந்து நீக்கிவிட்டால், சில தலைமுறைகளில் அவை தேசத்தின் ஞாபகத்திலிருந்தும் நீங்கிவிடும். ஒரு நடிகை தடுமாறியதைக் காட்டிலும் நூறு மடங்கு கவலைக்குரியது இதுவே என்று நாம் கருதுகிறோம்.

பிரஜைக்கு வேண்டிய பொது அறிவு எது? தெருவிளக்கு எரியாவிட்டால் எம்.எல்.ஏ.வையும், ரயில் நிற்காவிட்டால் பஞ்சாயத்துத் தலைவரையும் திட்டுகிறவன் தன் வோட்டைச் சரியான இடத்தில் பிரயோகிக்க முடியாது. தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு தேதிகளையும் தடுமாறாமல் சொல்லக்கூடியவர்கள் நமது அரசியல் ஊழியர்களிலேயே எத்தனை பேர்? பொதுக்கூட்ட மேடைகளில் வருஷங்களையும் சட்டங்களையும் தாறுமாறாகக் கலந்து பேசும் பிரசங்கிகளை நாம் அறிவோம். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டி மனுப்போட்டு, சாலைக்குச் செலவான கணக்கைக் கேட்கலாம் என்பது ஒரு கிராமத்துக்குத் தெரிந்திருந்தால், அது எந்தக் கோடி ரூபாய்க் கேள்வியின் விடையைக் காட்டிலும் அந்தக் கிராமத்துக்கு லாபகரமானது.

தமிழில் இதற்கு வழி செய்யாமலும் நம் முன்னோர் இருந்துவிடவில்லை. சென்னை ராஜதானியின் கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது; அதைத் தொடர்ந்து குழந்தைகளுக்கும் பத்துத் தொகுதிகள் வந்தன. 1948-ல் நூலக நிபுணர் ரங்கநாதனின் யோசனைப்படி பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் அதுதான். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க அது வழி செய்தது; இப்போது ரூபாய்க்கு 10 காசு. 2006-க்குப் பிறகு ஒவ்வொரு கிராம பஞ்சாயத்திலும் நூலகக் கட்டடமும் எழுந்தது.

கட்டடம் எழுந்ததே தவிர, பல ஊர்களில் அது பூட்டியே கிடந்தது. திறந்திருந்த இடங்களிலும் சொற்ப ஊதியத்தில் ஒருவர் சில மணி நேரம் வந்துபோவதே வழக்கமாயிற்று. ஜனங்களிடமிருந்து வசூலித்த நூலக வரியை ஸ்தல ஸ்தாபனங்கள் பல உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் பாக்கி வைத்த செய்திகள் பலமுறை வெளிவந்திருக்கின்றன. சென்னையிலும் மதுரையிலும் மாளிகை போன்ற நூலகங்கள் வந்திருப்பதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் மதுரைக்குப் பஸ் ஏறி வர முடியாத பையனுக்கு, பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பின்னால் துருப்பிடித்த பூட்டோடு நிற்கும் அந்தச் சிறு கட்டடம்தான் சர்வகலாசாலை.

வாய்ப்புக் கொடுத்தால் நம்மவர் பின்வாங்குகிறவர்கள் அல்லர். 2020 ஜனவரியில், பெண்களுக்கென்றே நடந்த தமிழ்ப் போட்டியில், காதும் பேச்சும் இல்லாத மதுரைப் பெண்மணி ஒருவர் 1 கோடி ரூபாய் வென்றார். உரக்கப் பேசி மேதாவி எனப் பெயர் வாங்குகிற வழி அவருக்கு இல்லை. படித்து வைத்திருந்ததே அவருக்குத் துணை.

ஆகவே ராஜ்ய சர்க்கார் மூன்று காரியங்களைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்ற கணக்கை வருஷந்தோறும் வெளியிட வேண்டும். கிராம நூலகங்கள் மாலை வேளைகளில், வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஜனங்கள் திரும்பும் நேரத்தில், திறந்திருக்க வேண்டும். விஞ்ஞானப் பிரிவு மாணவர்களுக்கும் மேல்நிலை வகுப்புகளில் தேச சரித்திரமும் அரசியல் சட்டமும் மார்க் பயமில்லாமல் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது போதிக்கப்பட வேண்டும். நமது ஊழியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. தங்கள் ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அடுத்த கிராம சபையில் அதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரலாம். அதற்குத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை.